அளந்து காட்டினவர் ஆரெண்டு தெரியாது: ஒரு சின்ன ஹெட்போன் அம்ப்பின் வரலாறு

2011ஆம் ஆண்டு, தன்னுடைய பெயரைச் சொல்லாத ஒருவர் ஒரு ஹெட்போன் அம்ப்பின் முழு வரைபடத்தையும் இணையத்தில் இலவசமாகப் போட்டார். சுற்று எப்படி வேலை செய்யுது, எந்தச் சாமானை எங்கே சோல்டர் பண்ணவேணும், சுற்றுப்பலகையைச் செய்விக்கத் தேவையான கோப்பு, எல்லாமே அதில் இருந்தன. சாமான் செலவு ஏறக்குறைய 30 அமெரிக்க டொலர். பிறகு அதை, 1600 டொலர் அளவில் விற்பனையான 'பெஞ்ச்மார்க் டாக்1 பிரீ' எண்ட பெயர்பெற்ற கருவியோடு ஒப்பிட்டு அளந்து, இரண்டினுடைய எண்களையும் வெளியிட்டார். ஹெட்போனைக் கொழுவிக் கேட்கிற ஆளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவராது எண்டது அவருடைய முடிவு.

அடுத்த ஆண்டு அவர் எழுதுவதை நிறுத்தினார். அவர் ஆரெண்டு இண்டுவரைக்கும் பொதுவெளியில் தெரியாது. ஆனால் அந்தச் சுற்றுப்பலகையைக் கனபேர் தொடர்ந்து கட்டிக்கொண்டே இருந்தார்கள்.

2022இல் ஒரு டொலர் 200 ரூபாவில இருந்து 360 ரூபா அளவுக்கு ஏறினதைக் கண்ட எங்களுக்கு, 30க்கும் 1600க்கும் இடையில் உள்ள தூரத்தை விளக்கத் தேவையில்லை. எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி வேற ஒண்டு. செய்தவர் ஆரெண்டே தெரியாத ஒரு பொருளை ஆட்கள் எதை வைச்சு நம்பினார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் கதை 2011க்குக் கனகாலம் முன்னால் தொடங்குது.

பிறகேன் நடுவில ஒரு பெட்டி?

போனில் கொழுவினால் பாட்டுக் கேட்குது. பிறகேன் இடையில ஒரு அம்ப்? நியாயமான கேள்விதான்.

அம்ப் புழக்கத்துக்கு வர முதலே ஹெட்போன் வந்துவிட்டது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியல் பால்ட்வின் 1910 அளவில் தன் வீட்டுச் சமையலறையில் ஹெட்போன் செய்து அமெரிக்கக் கடற்படைக்குக் கொடுத்தார். பலவீனமான றேடியோ சமிக்ஞையைக் காதுக்குக் கேட்க வைக்கிற வேலை முழுவதும் அந்த நாளில் ஹெட்போனின் தலையில்தான் இருந்தது. பிறகு வால்வு வந்தது, ட்ரான்சிஸ்டர் வந்தது. 1979இல் சோனி வோக்மன் வந்தபோது இரண்டு சின்னப் பற்றரிகளில் ஒரு முழு இசைப்பெட்டி ஓடியது. அதோடு ஹெட்போன் எல்லாருடைய சட்டைப்பைக்கும் வந்து சேர்ந்தது.

சிக்கல் எங்கே வந்ததெண்டால், நல்ல ஹெட்போன்கள் பலவும் சட்டைப்பைக் கருவிகளுக்காகச் செய்யப்பட்டவை இல்லை. 1997இல் வந்த சென்ஹைசர் எச்டி 600ஐ எடுங்கோ. அதனுடைய தடங்கல் 300 ஓம். ஏ.எல்.லில் படிச்ச சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால், அதுக்குள் ஒரு மில்லிவாற்று வலு போவதற்கே 0.55 வோல்ற்று வேணும். இசையில் வருகிற திடீர் உச்சங்கள் சராசரியைவிட 20 டெசிபெல் மேலே போகலாம். 20 டெசிபெல் எண்டால் வோல்ற்றளவு 10 மடங்கு. சராசரியாக 0.3 வோல்ற்றில் ஓடுகிற பாட்டுக்கு, மேளம் விழுகிற கணத்தில் 3 வோல்ற்று தேவைப்படும். ஒரு வோல்ற்று அளவில் முடிந்துவிடுகிற பொக்கற் பிளேயர் அந்த இடத்தில் அலையின் தலையை வெட்டிவிடும். அதைத்தான் நாங்கள் 'கிழியுது' எண்டு சொல்கிறோம்.

காதுக்குள் வைக்கிற சின்ன இயர்போன்களுக்குப் பிரச்சினை எதிர்ப்பக்கமாக வரும். அவைக்கு வோல்ற்றளவு குறைவாகப் போதும். ஆனால் அவற்றில் சிலவற்றின் தடங்கல் ஒலியின் சுருதிக்கேற்ப மாறும். ஒரு சுருதியில் 16 ஓம், இன்னொன்றில் 40 ஓம் எண்டு வைப்பம். அம்ப்பின் வெளிப்பக்கத் தடங்கல் 10 ஓம் எண்டால், முதல் இடத்தில் 26இல் 16 பங்கும் இரண்டாவது இடத்தில் 50இல் 40 பங்கும்தான் இயர்போனுக்குப் போய்ச் சேரும். கணக்குப் பார்த்தால் இரண்டுக்கும் இடையில் 2.3 டெசிபெல் வித்தியாசம். பாட்டைப் பதிவு செய்தவர் போடாத ஒரு நிறத்தை அம்ப் போட்டுவிடுது. வெளிப்பக்கத் தடங்கல் 0.5 ஓமாக இருந்தால் அதே வித்தியாசம் 0.2 டெசிபெலுக்கும் கீழே போய்விடும்.

ஆக, ஒரு ஹெட்போன் அம்ப்பிடம் கேட்கிறது மூண்டு விசயம்: தேவையான வோல்ற்றளவு, தேவையான மின்னோட்டம், குறைந்த வெளிப்பக்கத் தடங்கல். மூண்டையும் எண்ணாகச் சொல்லலாம், அளந்தும் பார்க்கலாம்.

படகில் கிறுக்கிய ஒரு பக்கம்

மலிவான ஒரு சில்லு எப்படி நல்ல ஒலியைத் தருது எண்டு விளங்க 1927க்குப் போகவேணும். அந்த ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் திகதி காலை, பெல் ஆய்வுகூடப் பொறியியலாளர் ஹரோல்ட் பிளாக் ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தூரத் தொலைபேசி இணைப்புகளில் அம்ப்புக்கு மேல் அம்ப் போடப்போட ஒலி திரிபடைந்துகொண்டு போனது. வருடக்கணக்காக அவரை அலைக்கழித்த பிரச்சினை அது. படகில் வைத்து விடை தோன்றியது. கையிலிருந்த நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் பக்கத்திலேயே அதைக் கிறுக்கி வைத்தார்.

விடை இதுதான்: தேவையைவிடக் கனமடங்கு பெருப்பியுங்கோ. வெளியில வாறதில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே, எதிர்த் திசையில் கொடுங்கோ. உள்ளே போனதுக்கும் வெளியே வந்ததுக்கும் இடையில் உள்ள பிழை தானாகவே கழிபட்டுப் போகும். பெருக்கம் குறையும், அதோடு திரிபும் குறையும். இதுதான் மறைப் பின்னூட்டல். கஷ்டப்பட்டுச் சேர்த்த பெருக்கத்தை வேணுமெண்டே வீசுவதா எண்டு அப்போது கனபேர் நம்பவில்லை. 1928இல் விண்ணப்பித்த காப்புரிமை கையில் கிடைத்தது 1937இல்தான்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு 'செயற்பாட்டு விரியலாக்கி' ஞாபகம் இருக்கும். அதே சாமான்தான். 1968இல் பெயார்சைல்ட் நிறுவனம் வெளியிட்ட 741 இலக்கச் சில்லு இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் இருக்குது. சோதனைக்காகப் பாடமாக்கிய அந்த முக்கோணத்துக்குள்ள இருக்கிறது பிளாக்கின் படகுப் பயணம்தான்.

1947: எண்ணோடு சேர்ந்து வந்த வரைபடம்

இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, டி.ரி.என். வில்லியம்சன் எண்ட இளம் பொறியியலாளர் 'வயர்லெஸ் வேர்ல்ட்' எண்ட பிரித்தானிய சஞ்சிகையில் ஒரு வால்வு அம்ப்பின் வடிவமைப்பை எழுதினார். 1947 ஏப்ரல், மே மாத இதழ்களில் அது வெளிவந்தது. 15 வாற்று வலுவில் திரிபு 0.1 வீதத்துக்கும் குறைவு எண்டு எண்ணைச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. அந்த எண் எப்படி வருது, அதுக்கு மின்மாற்றியை எப்படிச் சுற்றவேணும் எண்டதையும் விவரமாகக் கொடுத்தார். கடையில் அப்படியான மின்மாற்றி கிடைக்காதவரும் ஆரிடமாவது சொல்லிச் சுற்றுவிக்கலாம்.

உலகம் முழுக்க ஆட்கள் அதைக் கட்டினார்கள். அமெரிக்காவில் ஹீத்கிற் நிறுவனம் அதே வகை அம்ப்பைப் பெட்டிக்குள் போட்டு, 'நீங்களே பூட்டுங்கோ' எண்டு விற்றது. 0.1 வீதம் எண்டது அதுக்குப் பிறகு வந்த நிறுவனங்கள் தாண்டவேண்டிய கோடாகியது. வில்லியம்சன் ஒரு நல்ல அம்ப்பைச் செய்தார் எண்டது பாதிக் கதை. வடிவத்தையும் அதை அளந்த எண்ணையும் ஒண்டாக ஆட்களின் கையில் கொடுத்தார் எண்டதுதான் மீதி. எங்கட கதைக்கு முக்கியம் அந்த மீதி.

ஒரு அகதியும் செப்புத் தகடும்

வில்லியம்சனின் அம்ப்பைக் கட்டினவர்கள் வயரை ஒவ்வொண்டாக இழுத்து இணைத்தார்கள். அதனால் இரண்டுபேர் கட்டின அம்ப் ஒரே மாதிரி இருக்காது. வயர் போகிற வழி மாறினால் இரைச்சலும் மாறும். இதை மாற்றியது அச்சிட்ட சுற்றுப்பலகை.

அதனுடைய கதையில் வருகிற முக்கியமான ஆள் போல் ஐஸ்லர். வியன்னாவில் 1907இல் பிறந்த யூதர். சொந்த ஊரில் வேலை கிடைக்காமல் 1936இல் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே அச்சிட்ட சுற்றோடு ஒரு றேடியோவைச் செய்துகாட்டினார். ஆரும் பெரிதாக அக்கறைப்படவில்லை. போர் தொடங்கியதும் பிரித்தானியா அவரை 'எதிரி நாட்டவர்' எண்டு தடுப்பு முகாமில் போட்டது. நாசிகளுக்குப் பயந்து ஓடிவந்தவரை! வெளியே வந்தபிறகு அவருக்குக் கைகொடுத்தது இசைக்குறிப்பு அச்சிடுகிற தொழிலில் இருந்த ஒரு நிறுவனம். 1943இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பிறகு விமான எதிர்ப்புக் குண்டுகளின் வெடிபொறிக்கு அமெரிக்கா இந்த முறையைப் பயன்படுத்தியது. அங்கிருந்துதான் அது உலகம் முழுக்கப் பரவியது.

ஒரு தகட்டில் செப்பு ஒட்டி, வேண்டாத செப்பை இரசாயனத்தால் கரைத்தால் மிச்சம் இருப்பது வயர். ஒரு கோப்பை அனுப்பினால் கொழும்பிலும் பேர்லினிலும் ஒரே பலகை வரும். ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒருவர் அளந்த எண் உங்கட மேசையிலும் வரும் எண்டு எதிர்பார்க்கலாமெண்டால், அதுக்குக் காரணம் இந்தச் செப்புத் தகடு.

மின்ட் டின்

1998இல் சூ மோய் எண்டவர் தன்னுடைய 'ஹெட்வைஸ்' தளத்தில் ஒரு சட்டைப்பை ஹெட்போன் அம்ப்பின் வடிவத்தை எழுதினார். ஒரு 9 வோல்ற்றுப் பற்றரி, செயற்பாட்டு விரியலாக்கிச் சில்லு, கொஞ்சத் தடையிகள், கொஞ்சக் கொள்ளளவிகள். பெருக்கத்தைத் தீர்மானிக்கிறது இரண்டு தடையிகள்: 10 கிலோஓமும் 1 கிலோஓமும் போட்டால் 11 மடங்கு. பரீட்சைத் தாளில் நீங்கள் செய்த அதே கணக்கு.

ஆட்கள் அதை 'சீமோய்' எண்டு கூப்பிடத் தொடங்கினார்கள். அல்டொய்ட்ஸ் எண்ட மின்ட் இனிப்பு வருகிற தகர டின்னுக்குள் அந்தப் பலகை அளவாகப் பொருந்தும். அதனால் மின்ட் டின் அதனுடைய அடையாளமாகவே ஆகிவிட்டது. முதன்முதலாகச் சோல்டர் கம்பியைக் கையில் எடுத்தவர்கள் கனபேருக்கு அதுதான் முதல் பாடம். அந்தத் தளம் பிறகு இல்லாமல் போனாலும் கட்டுரைகளை வாசகர்கள் சேமித்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜேடிஎஸ் லாப்ஸ் எண்ட நிறுவனம் சீமோய் அம்ப்புகளைச் செய்து விற்றுத்தான் தன்னுடைய பயணத்தைத் தொடங்கியது. இந்தப் பெயர் திரும்ப வரும்.

சீமோய்க்கு ஒரு பலவீனம் உண்டு. ஒலி அலை பூச்சியத்துக்கு மேலேயும் கீழேயும் போகும். அதனால் சுற்றுக்கு நேர், மறை எண்டு இரண்டு பக்கமும் வோல்ற்றளவு வேணும், நடுவில் பூச்சியம் வேணும். ஒரு பற்றரியில் நடு எங்கே இருக்குது? இரண்டு சமமான தடையிகளைப் போட்டு 9 வோல்ற்றை 4.5, 4.5 ஆகப் பிரித்து ஒரு பொய் நடுவை உண்டாக்குகிறார்கள். பொதுவாகக் கட்டுகிற வடிவத்தில் அந்தத் தடையிகள் 4.7 கிலோஓம். இந்த நடுவில் இருந்து ஒரு மில்லிஅம்பியர் நேரோட்டத்தை நீங்கள் எடுத்தால், நடுப்புள்ளி 2 வோல்ற்றுக்கும் மேலே நகர்ந்துவிடும். கேட்கிற ஒலிக்குக் கொள்ளளவிகள் ஓரளவு கைகொடுக்கும். ஆனாலும் அத்திவாரம் மணலில்தான். குறைந்த தடங்கல் உள்ள ஹெட்போனைக் கொழுவினால் அந்தச் சில்லால் போதுமான மின்னோட்டத்தைக் கொடுக்கவும் ஏலாது.

காதா, மீற்றரா?

2000களில் இந்தப் பொழுதுபோக்கு பெரிதாக வளர்ந்தது. கடையில் வாங்குகிற ஹெட்போன் அம்ப்புகளின் விலை நூறுகளைத் தாண்டி ஆயிரங்களுக்குப் போனது. 'அகலமான மேடை', 'இனிமையான நடுச்சுருதி', 'வெல்வெட் மாதிரி இருட்டு' எண்டு வர்ணனைகள் வந்தன. கட்டுகிற ஆட்களும் சில்லைக் கழற்றி வேற சில்லைப் போட்டு 'இது நல்லாயிருக்கு, அது உலர்ந்துபோய்க் கேட்குது' எண்டு கதைத்தார்கள்.

வேகமான சில சில்லுகள், அதுக்கேற்றபடி வரையப்படாத பலகையில் போட்டால், காதுக்குக் கேட்காத மிக உயர் சுருதியில் தானே அதிர ஆரம்பிக்கும். அலைகாட்டியைப் பிடித்தால் அது உடனே தெரியும். பிடிக்காவிட்டால், 'இந்தச் சில்லில ஏதோ ஒரு உயிர் இருக்கு' எண்டு ஒருவர் எழுதுவார், பத்துப்பேர் அதை வாங்குவார்கள்.

காது பொய் சொல்லுது எண்டு நான் சொல்ல வரவில்லை. காதுக்குப் பின்னால மூளை இருக்குது, மூளைக்கு விலைச்சீட்டுத் தெரியும். ஒரே ஒலியைக் கொஞ்சம் சத்தமாகப் போட்டால் எங்களுக்கு அது 'நல்ல' ஒலியாகத்தான் படும். அதனால் இரண்டு அம்ப்புகளை நேர்மையாக ஒப்பிடவேணுமெண்டால் இரண்டினுடைய சத்தத்தையும் 0.1 டெசிபெலுக்குள் சமப்படுத்தவேணும், எது ஓடுது எண்டது கேட்கிறவருக்குத் தெரியக்கூடாது. இதுதான் கண்ணைக் கட்டிய சோதனை. இதைச் செய்ய ஒரு சதமும் தேவையில்லை. செய்கிறவர்கள்தான் குறைவு.

இந்த நிலைமைக்குள்தான் 'என்டபிள்யூ ஏவி கய்' எண்ட புனைபெயரில் அந்த ஆள் வந்தார். பல ஆயிரம் டொலர் பெறுமதியான டீஸ்கோப் எண்ட அளவைக் கருவி அவரிடம் இருந்தது. விற்பனையில் இருந்த அம்ப்புகளையும், வீட்டில் கட்டுகிறவர்கள் மத்தியில் பேர்போன வடிவங்களையும் எடுத்து அளந்தார். சிலதைப் புகழ்ந்தார், சிலதைக் கிழித்தார். பூச்சு இல்லாத கதை. அதனால் சில பெரிய இணையக் குழுக்களில் இருந்து வெளியேற்றப்பட்டார். இலவச மென்பொருளையும் கொம்பியூட்டரின் ஒலி அட்டையையும் வைத்து அளக்கிறவர்களையும் அவர் விடவில்லை. உண்மையான வோல்ற்றளவு எவ்வளவு எண்டு தெரியாமல் வருகிற அழகான வரைபுகள் ஆட்களை ஏமாற்றும் எண்டு எழுதினார். மீற்றரும் பிழை விடும். எப்படி அளந்தோம் எண்டதைச் சொல்லாத எண்ணும் ஒரு வர்ணனைதான்.

'குறை சொல்றது சுகம், நீ ஒண்டு செய்து காட்டு பாப்பம்' எண்ட கேள்வி வருவது இயல்பு. ஓ2 எண்ட அந்தப் பலகை அதுக்கான பதிலாக வந்தது. 'ஒப்ஜெக்டிவ் 2', அதாவது புறவயமானது எண்ட பெயரின் சுருக்கம் அது.

பலகைக்குள் என்ன இருக்குது?

ஓ2வில் புதிய கண்டுபிடிப்பு எண்டு எதுவும் இல்லை. எல்லாம் பழைய, மலிவான சாமான். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் 'ஏன் இது?' எண்ட கேள்விக்குப் பதில் இருக்குது.

முதலாவது, பொய் நடு இல்லை. இரண்டு 9 வோல்ற்றுப் பற்றரிகளைத் தொடுத்து, அவை சந்திக்கிற இடத்தையே உண்மையான பூச்சியமாக எடுத்திருக்கிறார். ஆனால் இதில ஒரு ஆபத்து வருது. ஒரு பற்றரி மற்றதுக்கு முன்னமே இறங்கிவிட்டால், ஒரு பக்கம் மட்டும் வோல்ற்றளவு இருக்கும். அப்போது ஹெட்போனுக்குள் நேரோட்டம் பாயலாம், அதன் சுருள் எரிந்துபோகலாம். அதனால் பற்றரியின் நிலையைப் பார்த்துக்கொண்டிருந்து, குறைந்தவுடன் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் துண்டிக்கிற ஒரு சின்னச் சுற்றைச் சேர்த்தார். ஒலிக்கு ஒரு துளியும் உதவாத பகுதி அது. மற்றவரின் ஹெட்போனைக் காப்பாற்ற மட்டும் போட்டது.

இரண்டாவது, கடைசிக் கட்டம். என்ஜேஎம்4556 எண்ட சில்லுக்குள் இரண்டு விரியலாக்கிகள் இருக்கும். ஒவ்வொண்டும் 70 மில்லிஅம்பியர் கொடுக்கும். ஒரு காதுக்கு ஒரு முழுச் சில்லு எண்டு வைத்து, இரண்டு விரியலாக்கிகளையும் தலா ஒரு ஓம் தடையி ஊடாகச் சமாந்தரமாக இணைத்தார். ஒரு ஓமும் ஒரு ஓமும் சமாந்தரம் எண்டால் அரை ஓம். முன்னே சொன்ன 0.5 ஓம் வந்தது இப்படித்தான். மின்னோட்டம் இரட்டிப்பு. 33 ஓம் ஹெட்போனுக்கு 600 மில்லிவாற்று அளவு வரைக்கும், 600 ஓமுக்கு 7 வோல்ற்று வரைக்கும் கொடுக்கக்கூடியதாக இருந்தது.

மூண்டாவது, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு. வழக்கமாக அதை முதலில் போடுவார்கள். இவர் பெருப்பிக்கிற கட்டத்துக்குப் பிறகு போட்டார். சத்தத்தைக் குறைக்கும்போது முதல் கட்டத்தின் இரைச்சலும் சேர்ந்து குறையும். அதுக்கு ஒரு விலையும் இருக்குது. பாட்டு உள்ளே வருகிறபோதே பலமாக இருந்து, பெருக்கமும் 6.5 மடங்கில் இருந்தால், திருகுக்குப் போக முன்னமே அலையின் தலை வெட்டுப்படும். இரண்டு வோல்ற்றை 6.5 ஆல் பெருக்கினால் 13 வோல்ற்று. இரண்டு பற்றரியால் அதைத் தாங்க ஏலாது. அதனால்தான் முன்பக்கத்தில் 2.5 மடங்குக்கு மாற்ற ஒரு சுவிட்ச். இந்தக் கட்டுப்பாட்டையும் அவர் மறைக்காமல் எழுதினார்.

நாலாவது, தனி வயர் எண்டு ஒண்டுமே கிடையாது. திருகு, சுவிட்ச், ஜாக், மின்சாரம் கொழுவுகிற இடம், எல்லாம் பலகையின் ஒரே விளிம்பில். மின்சார வயர் முன்பக்கத்தில் தொங்குவது வடிவாக இல்லை எண்டு கனபேர் குறைசொன்னார்கள். அது உண்மைதான். ஆனால் ஆர் கட்டினாலும் ஒரே எண் வரவேணுமெண்டால், கட்டுகிறவர் பிழைவிடக்கூடிய இடங்களைக் குறைக்கவேணும். வடிவை விட்டுக்கொடுத்து அதை வாங்கினார்.

நீங்களே சோதிக்கலாம்

'டீஸ்கோப் எங்களிட்ட இல்லையே' எண்டு நீங்கள் கேட்கலாம். எல்லாத்தையும் அளக்க அது வேணும், முக்கியமானதை அளக்க வேண்டாம்.

புதிதாகக் கட்டின எந்த அம்ப்பிலும் முதலில் ஹெட்போனைக் கொழுவாதேங்கோ. ஒலிச் சில்லுகளைப் போட முன்னமே மின்சாரத்தைக் கொடுத்து, நேர்ப்பக்கமும் மறைப்பக்கமும் சரியான வோல்ற்றளவு வருதா எண்டு சாதாரண மல்ரிமீற்றரால் பாருங்கோ. பிறகு சில்லுகளைப் போட்டு, பாட்டு ஏதும் கொடுக்காமல் வெளிப்பக்கத்தில் நேரோட்ட வோல்ற்றளவைப் பாருங்கோ. சில மில்லிவோல்ற்று எண்டால் பிரச்சினை இல்லை. அரை வோல்ற்று காட்டினால் எங்கேயோ சோல்டர் பிழை. இந்த இரண்டு நிமிடம் ஒரு நல்ல ஹெட்போனின் உயிரைக் காப்பாற்றும்.

அடுத்தது வெளிப்பக்கத் தடங்கல். போனில் ஒரு இலவசச் செயலியால் 100 ஹேர்ட்ஸ் சுருதியை ஓடவிடுங்கோ. மலிவான மல்ரிமீற்றர்கள் கரண்டின் 50 ஹேர்ட்ஸுக்குக் கிட்டத்தான் சரியாக அளக்கும், அதனால் இந்தச் சுருதி. ஹெட்போன் இல்லாமல் ஆடலோட்ட வோல்ற்றளவை அளந்து குறியுங்கோ. பிறகு 33 ஓம் தடையி ஒண்டைப் போட்டுத் திரும்ப அளவுங்கோ. முதலில் 1.000 வோல்ற்று, பிறகு 0.985 வோல்ற்று எண்டால், அம்ப்பின் தடங்கல் அரை ஓம். கடையில் பத்து இருபது ரூபாவுக்குக் கிடைக்கிற ஒரு தடையியால், விளம்பரத்தில் போட்டிருப்பது உண்மையோ எண்டு நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

செய்தவர் போனபிறகு

2012இல் இதே ஆள் கொம்பியூட்டரில் இருந்து ஒலியை எடுக்கிற 'ஓடாக்' எண்ட பலகையையும் கொண்டுவந்தார். மேசைக்கான பெரிய அம்ப் ஒண்டு வரப்போகுது எண்டும் சொல்லியிருந்தார். அது வரவேயில்லை. அந்த ஆண்டோடு அவருடைய எழுத்து நின்றது. 2014இல் 'ஐஈஈஈ ஸ்பெக்ட்ரம்' சஞ்சிகை அவர் காணாமல் போன கதையை எழுதியது. பதில் கிடைக்கவில்லை.

இலவசமாகக் கொடுத்தார் எண்டாலும், முழுக்கத் திறந்துவிட்டார் எண்டு சொல்ல ஏலாது. ஆரும் கட்டலாம், விற்கலாம், ஆனால் வடிவத்தை மாற்றி வெளியிடக்கூடாது எண்டது அவருடைய உரிமத்தின் நிபந்தனை. மாற்றிவிட்டு அதே பெயரில் விற்றால் அளந்த எண்ணுக்கும் பொருளுக்கும் தொடர்பு அறுந்துபோகும் எண்ட பயம் அவருக்கு. அது நியாயமான பயம். ஆனால் அவர் போனபிறகு அதைத் திருத்தவும் ஆருக்கும் வழியில்லாமல் போனது. நல்ல நோக்கத்தோடு போட்ட பூட்டின் சாவியும் அவரோடேயே போய்விட்டது.

ஆனாலும் கதை முடியவில்லை. மின்ட் டின்னில் தொடங்கிய அதே ஜேடிஎஸ் லாப்ஸ் ஓ2வைப் பல ஆண்டு கட்டி விற்றது. 2018இல் 'அற்றம்' எண்ட தன்னுடைய சொந்த அம்ப்பை 99 டொலருக்குக் கொண்டுவந்தது. அளந்த எண்களை வெளியிடுவது இப்போது பல நிறுவனங்களுக்குச் சாதாரணம். வாங்குகிறவர்கள் கேட்கப் பழகினதால் கொடுக்கிறார்கள்.

ஆக, பெயர் தெரியாத ஒருவரை ஆட்கள் எதை வைத்து நம்பினார்கள்? உண்மையில் அவரை ஆரும் நம்பவேண்டிய தேவை இருக்கவில்லை. வரைபடம் இருந்தது, எண் இருந்தது, அந்த எண்ணைத் திரும்ப எடுக்கிற வழியும் இருந்தது. வில்லியம்சன் 1947இல் பெயரோடு செய்ததை இவர் பெயரில்லாமல் செய்தார், அவ்வளவுதான்.

ஹெட்போன் அம்ப் ஒரு சின்ன விசயம். ஆனால் ஒலிக்கு வெளியிலும் எங்களைச் சுற்றிக் கனபேர் பட்டத்தையும் பெயரையும் விலையையும் காட்டி 'நம்புங்கோ' எண்டு சொல்லிக்கொண்டு இருக்கிறார்கள். அவர்களிடம் இரண்டு கேள்வி கேட்கப் பழகுவம். எப்படி அளந்தீங்கள்? நானும் அளந்து பார்க்கலாமா?